நடவில் கால் பின்னால்தான் போகும்

பாபநாசத்துக்குப் பக்கத்தில், என் மனைவி பிறந்த ஊரின் கல்யாண மண்டபத்தில் ஒத்திகை. வயலின், வீணை, மிருதங்கம். அவற்றுக்கு ஆட ஒரு பெண். பின்னால் வெள்ளைத் திரையில் அட்டைகளை வைத்து நான் காட்டும் நிழல்கள். பாட்டு கிடையாது. ஒரு நடவு நாளைச் சொல்லும் அந்த இசை, வயலின் வாசிக்கும் என் மனைவி முதன்முதலாக அமைத்தது. இந்த ஊர் ஏற்காவிட்டால் வேறெங்கும் மேடையேற்றப் போவதில்லை என்று சொல்லியிருந்தாள். நிகழ்ச்சி மறுநாள் மாலை.

ஒத்திகை பார்க்க மாமியார் நாலு பெண்களோடு வந்திருந்தார். எல்லாரும் நடவுக்குப் போகிறவர்கள். ஆடும் பெண் குனிந்து, நாற்றை ஊன்றுவதுபோல் கையசைத்தபடி எங்களை விட்டு முன்னேறிப் போனாள். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"ஏண்டி, நட்ட நாத்தையெல்லாம் அந்தப் பொண்ணே மிதிச்சிக்கிட்டு வருதே," என்றார் மாமியார் மகளிடம்.

"விடுக்கா, மெட்ராஸ்ல அப்படி நடுவாங்க போல," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

பத்து ஒத்திகை பார்த்திருக்கிறேன். பத்திரிகையில் அடுத்தவர் பிழையைத் திருத்தியே சம்பளம் வாங்கியவன். நடும்போது பின்னால்தான் நகர வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. தனக்கும் தெரியவில்லை என்பதுதான் என் மனைவியைச் சுட்டது.

"உனக்கெங்க தெரியப்போவுது? வயல்ல இறங்கக் கூடாதுன்னுதானே ஹாஸ்டலுக்கு அனுப்புனேன்," என்றார் மாமியார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

காலையில் மாற்றினோம். இப்போது ஆடுகிறவள் பின்னோக்கி, வாசிக்கிறவர்கள் பக்கம் வர வேண்டும். மேடை குறுகல், தள்ளி உட்கார இடமில்லை.

"திரும்பிப் பாக்கலாமாக்கா?" என்று என் மனைவியிடம் கேட்டாள் ஆடும் பெண்.

"வேணாம். வயலின் சத்தம் காதுகிட்ட வந்ததும் நின்னுக்க."

"எம் மடியில உக்காராம இருந்தாச் சரி," என்றார் மிருதங்கக்காரர்.

மாலை மண்டபம் நிறைந்தது. திரையின் ஓரத்திலிருந்து, ஆடுகிறவள் பின்னால் வைக்கும் அடிகளை எண்ணினேன். ஆறு. ஏழு. எட்டாவது அடி வயலினுக்கு மிக அருகில். வாசிப்பை நிறுத்தினால் அவளுக்கு வழி தெரியாது. என் மனைவி நிறுத்தவில்லை; வில்லின் வீச்சை மட்டும் குறுக்கி, பாதி நீளத்தில் இழுத்தாள். ஒன்பதாவது அடி வில்லின் நுனிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

முன்வரிசையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. வயலில் கூட நடுகிறவர்களிடம் பேசும்போது வரும் அதே குரல்.

"கொஞ்சம் நெருக்கி நடு, பாப்பா."

யாரும் சிரிக்கவில்லை. ஆடும் பெண் நெருக்கி நட்டாள். என் மனைவியின் வில் மறுபடி முழு நீளத்துக்குப் போனது. நான் திரையில் பறக்கவிட மறந்த அட்டைக் கொக்கு, இன்னும் என் கையிலேயே இருந்தது.