காகத்துக்காகக் காத்திருந்தேன்

கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டில் மிளகுத் தோட்டத்துக்கு நடுவே தனியாக வசிக்கிறேன். மனைவி இறந்தபின் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போனபோது, இறந்தவர்களை வரவழைத்துப் பேசும் ஒரு பெண்மணியைப் பற்றிக் கேள்விப்பட்டு அவரைத் தேடிப் போனேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு என் மனைவியாகவே பேசினார். "பசிக்குதுங்க. சாமைச் சோறும் அவரைக் குழம்பும் ஆக்கி வைங்க. காக்காயா வாரேன். நான் உண்ணாம நீங்க உண்ணாதீங்க."

கேட்டதும் அழுதுவிட்டேன்.

மறுநாள் காலை வழக்கம்போலச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். எனக்குத் தெரிந்தவரை சமைத்து வாசலில் இலை போட்டுப் படைத்தேன். உச்சி வெயில் வந்தும் காகம் வரவில்லை; நானும் எதுவும் சாப்பிடவில்லை. கோபமோ என்று நினைத்து அவள் பெயர் சொல்லிக் கெஞ்சினேன். திடீரென்று உடம்பெல்லாம் வியர்த்தது, கை நடுங்கியது, கண் இருட்டியது. அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த செல்வி ஓடி வந்து சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"ஏனுங்ண்ணா, அக்கா ஒருநாளாச்சும் உங்களைப் பட்டினி போட்டிருக்குதுங்களா?" என்றாள்.

இப்போதும் அமாவாசைக்குப் படைக்கிறேன். ஆனால் முதலில் நான் சாப்பிட்டுவிடுகிறேன். சாப்பிட்டீர்களா என்று கேட்க வீட்டில் ஆள் இல்லாததால், மாத்திரையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நானே வாய்விட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.