வெயிலுக்குப் பொறுப்பு யார்?

பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலை என்பது முக்கால்வாசி நேரம் வானத்தை அண்ணாந்து பார்க்கிற வேலை. மிச்ச நேரம், பார்த்ததை வெளியே சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிற வேலை. மேலே முதலாளிக்கும் கீழே வேலையாட்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கிற மேஸ்திரிகள், சூப்பர்வைசர்கள் யாராவது இதைப் படித்தால், நம்மில் ஒருவன்தான் புலம்புகிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்ப்பது சிவகாசியில், நாரணாபுரம் பக்கம். வெடிமருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். சூடு ஏறிய மருந்துக்கு ஒரு சின்ன உரசல் போதும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பதினொரு மணி வரை கலக்குவார்கள். இப்போது கோடையில் ஒன்பதரைக்கே கூரைத் தகரம் தகிக்கிறது, நிறுத்தச் சொல்லிவிடுகிறேன். செய்த அளவுக்குத்தான் கூலி என்பதால் நான் நிறுத்தினால் ஆட்களுக்குக் கூலி போய்விடும், நிறுத்தாவிட்டால் உயிரே போகலாம். வெயில் ஏன் இப்படி ஆனது என்று கேட்டால், மனிதன் விட்ட புகைதான் காரணம் என்பேன். பேப்பரில் படித்ததுதான். அதைச் சொல்லி நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஈரத் துணி

மருந்து அறை வாசலில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டி, அதில் ஓர் இடத்தில் சிவப்பு டேப் ஒட்டினேன். பாதரசம் அதைத் தொட்டால் வேலை நிற்கும் என்று ஏற்பாடு. நான் சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள், கண்ணாடிக் குழாயோடு எப்படிச் சண்டை போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கைந்து நாள் பாதரசம் அந்தப் பக்கமே போகவில்லை. என் சட்டையோ பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும்போல இருந்தது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தேன். தெர்மாமீட்டரின் அடிக்குமிழில் ஈரத் துணியைச் சுற்றி வைத்திருந்தார் கருப்பசாமி அண்ணன். அவர் எங்கள் கம்பெனியில் மருந்து கலக்குவதில் முதல் கை. தெற்றுப்பல் தெரியச் சிரித்தார். கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"மனுசனாலதான் சூடு ஏறுதுன்னு சொன்னீகள்ல பாய், அதான் மனுசனே இறக்கிப் பாப்போம்னு."

புகையில்லாப் பட்டாசு

சீசனில் கம்பெனி வாசலில் இருக்கும் விற்பனைக் கடையில் என்னையும் உட்கார வைத்துவிடுவார்கள். காரில் வந்திறங்கிய ஒரு வெளியூர்க்காரர், புகையே வராத பட்டாசு வேண்டும் என்றார். பூமி கெட்டுப்போவது பற்றியும், அதில் சிவகாசிக்காரர்களின் பங்கு பற்றியும் கால் மணி நேரம் பேசினார். பேசி முடிக்கிற வரை வாசலில் அவருடைய கார், ஏசி ஓடியபடி உறுமிக்கொண்டே நின்றது.

புகை குறைவாக வருகிற பசுமைப் பட்டாசு இருக்கிறது, புகையே இல்லாத பட்டாசை இதுவரை யாரும் செய்யவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். பொய் சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பார். அவர் மனைவியோடு ஒரு தரம் கலந்து பேசி, தீர்வு கண்டுபிடித்தார்.

"அப்ப நல்லா இருட்டுனப்புறம் வெடிக்கிற மாதிரி குடுங்க சார், புகை கண்ணுக்குத் தெரியாது."

மேடையில் மழை

கோடையில் மழை என்றால் ஊரே சந்தோஷப்படும். எங்களுக்குக் காயப்போட்ட சரக்கெல்லாம் போச்சு. ஒருநாள் தரைச்சக்கரங்களைச் சிமெண்ட் மேடையில் காயப்போட்டிருந்தோம். உச்சி வெயிலில் எங்கிருந்தோ ஒரு கறுத்த மேகம் வந்து, பத்தே நிமிடத்தில் கொட்டித் தீர்த்துவிட்டது. எல்லாரும் ஓடி ஓடி அள்ளியும் பாதி நனைந்து கூழாகிப்போனது. அன்று வேலையை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாளும் தரை ஈரம் காயவில்லை, அன்றும் அனுப்பினேன்.

மழைகூட முன்னைப்போல இல்லை, எல்லாம் நாம் செய்த வினை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சக்கரம் சுற்றுகிற பாண்டியம்மா சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே கையில் எடுத்தாள். அவளுடைய அப்பா அம்மா கரிசல் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர்கள்.

"மழை இல்லன்னுதான் காட்ட விட்டு இங்கன வந்தோம், இப்ப மழை பெய்யிதுன்னு போகச் சொல்லுறீக, இனி எங்கன போறதுன்னு அந்தப் பேப்பர்ல போட்டிருக்கானா?"

கழிவுக் குழி

கருப்பசாமி அண்ணனுக்கும் எனக்கும் டீ நேரத்துச் சண்டை தினப்படி. வானம் சாமியுடையது, அதைக் கெடுக்கிற அளவுக்கு மனிதன் பெரிய ஆளில்லை என்பது அவர் கட்சி. வருசத்தில் ஒருநாள் வெடிக்கிற வெடியைச் சொல்கிறவர்கள், வருசம் முழுக்க ஓடுகிற லாரியைச் சொல்வதில்லையே என்றும் கேட்பார். அதில் எனக்கும் பாதி சம்மதம்தான். ஆனாலும் லாரி ஓட்டுகிறவனும் மனிதன்தானே என்று மடக்குவேன்.

ஒருநாள் இந்தப் பேச்சு முற்றிய நேரம், பின்பக்கக் குழியிலிருந்து வெள்ளைப் புகை எழும்பி எங்கள் மேலேயே வந்தது. அன்றன்று மிஞ்சுகிற மருந்துக் கழிவையும் காகிதத்தையும் அங்கேதான் எரிப்போம். எரிக்கச் சொல்வது போர்மேன் வேலை, அதாவது என் வேலை. என் தொண்டை கமறியது. அவர் டீயைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்.

"இதுக்குத் தீ வைக்கச் சொன்னது எந்த மனுசன் பாய்?"

முதலாளியிடம் ஒரு கோரிக்கை

கோடை முழுவதும் ஒன்பதரைக்கே நிறுத்தியதில் ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். தாயில்பட்டிப் பக்கம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற ஷெட்டுகளில் மத்தியானம் இரண்டு மணிக்கும் மருந்து கலக்கலாம், தடுக்க ஆளில்லை. கருப்பசாமி அண்ணன் அங்கே போகப்போவதாகக் காதில் விழுந்தது. மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார், அரைநாள் கூலி அவருக்குக் கட்டுப்படியாகவில்லை.

முதலாளியிடம் போனேன். வெயிலுக்காக நிறுத்துகிற நாட்களுக்கும் முழுக்கூலி கொடுத்தால் யாரும் போகமாட்டார்கள் என்று கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை, கல்யாணத்துக்கு வேண்டுமானால் தனியாக உதவி செய்கிறேன் என்றார். வெயிலுக்கென்று கூலி போட மட்டும் ஒப்பவில்லை. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வெயில் கூடிருச்சுன்னு நாமளே எழுதிக் கூலி போட்டம்னா, கூட்டுனது யாருன்னு ஆபீசர் நம்மளத்தான பாய் கேப்பான்?"

தீக்காய வார்டு

அண்ணன் தாயில்பட்டி ஷெட்டுக்குப் போய்விட்டார். போகிற அன்று நான் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை, இரண்டாவது மாதம் அதற்காக அழுதேன். அந்த ஷெட்டில் ஒரு மத்தியானம் கலக்கி வைத்த மருந்து பற்றிக்கொண்டது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்ததால் அவர் ஒருவரோடு போயிற்று என்று ஊரில் ஆறுதலாகப் பேசிக்கொண்டார்கள்.

மதுரை ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். இரண்டு கையும் முழங்கை வரை கட்டுப்போட்டிருந்தது. இனி அந்தக் கைகளால் ஒரு டம்ளரைப் பிடிக்க முடிந்தாலே பெரிய காரியம் என்று அவர் மனைவி வராந்தாவில் வைத்துச் சொன்னார். நான் நிறுத்தியதால்தான் இவர் அங்கே போனார், நிறுத்தாமல் இருந்திருந்தால் எங்கள் கம்பெனியிலேயே இது நடந்திருக்கும். இரண்டில் எதை நினைத்தாலும் எனக்குத் தூக்கமில்லை.

கட்டிலருகே உட்கார்ந்து, அன்றைக்கு வெயில் அப்படி அடித்ததே, அந்த நேரத்தில் யாராவது கலக்கச் சொல்வார்களா என்று ஷெட் நடத்தியவரைத் திட்டினேன். போலீஸ் கேஸில் வெயில் பற்றி எங்கேயும் பேச்சில்லையாம். வேலையாளின் கவனக்குறைவு என்று ஷெட்காரர் வாக்குமூலம் கொடுத்து, அதுவே பதிவாகிவிட்டதாம். அண்ணன் கோபப்படுவார் என்று பார்த்தேன், கூரையைப் பார்த்தபடி சாதாரணமாகத்தான் சொன்னார்.

"நம்ம சண்டையில நீங்கதான் செயிச்சீக பாய், மனுசன்தான் காரணம்னு எழுதி எம் பேரப் போட்டுட்டாக."

உலகம் சூடானதற்கு யார் பொறுப்பு என்று படித்தவர்களெல்லாம் கூடிக் கூடிப் பேசியும் இன்னும் ஆள் அகப்படவில்லை, ஒரு தகர ஷெட் சூடானதற்கு மட்டும் அன்று சாயங்காலத்துக்குள்ளேயே ஆள் கிடைத்துவிட்டது.