முன் சீட்டுச் சக்களத்தி

கும்பகோணம் பக்கத்து நவக்கிரகக் கோயில்களுக்கு வேனில் கூட்டிப்போகிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் நான்தான். பக்தியெல்லாம் ஒன்றும் இல்லை. எதிர் வீட்டில் இருக்கும் என் சிநேகிதி அடுத்த மாதம் ராஜபாளையத்தை விட்டு, பெங்களூரில் மகனோடு இருக்கப் போகிறாள். அதற்குள் மூன்று நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாய் வலிக்கப் பேசிவிட வேண்டும். எந்தக் கிரகத்திடமும் நான் கேட்க நினைத்தது அதை மட்டும்தான்.

ராஜபாளையத்தில் ஏறும்போதே டிரைவருக்குப் பின்னால் இருக்கும் இரட்டை சீட்டைப் பிடித்துவிட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும்தான் அந்த வாழ்வு. அங்கே ஒருத்தி ஏறினாள். எங்கள் வயதுதான் இருக்கும், கையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். கிருஷ்ணன்கோயில் தாண்டுவதற்குள் அவளுக்குக் குமட்டத் தொடங்கியது. கைடு தம்பி என்னிடம் வந்தான்.

"அக்கா, அவியளுக்கு வாந்தி வருதாம். செத்த நேரம் நீங்க பின்னால உக்காருங்க."

செத்த நேரமாம்! மூன்று நாளும் பின் சக்கரத்துக்கு மேலே இருந்த சீட்டில்தான் குலுங்கினேன். பக்கத்தில் வ. புதுப்பட்டிக்கார அம்மாள், ஓய்வுபெற்ற போலீஸ்காரரின் மனைவி. வேன் கிளம்பினால் அந்தம்மாளின் தலை என் தோளுக்கு வந்துவிடும்.

வாந்தி மறுநாளே நின்றுவிட்டது. ஆனால் அவள் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. என் சிநேகிதியும் எழுப்பவில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். "ஏட்டி, நீ முன்னால வா" என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா? அவளோ அந்தப் புதியவளைத் தோண்டித் தோண்டி விசாரித்துக்கொண்டிருந்தாள். தனியாகவா இருக்கிறாய், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா, சனிக்கிழமைகளில் என்ன செய்வாய், ராஜபாளையம் பஸ்ஸிலும் குமட்டுமா. பின்னால் இருந்தே எல்லாம் என் காதில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் என்னிடம் இப்படி ஆசையாக எதையாவது கேட்டிருப்பாளா?

வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம். அந்தப் புதியவள் முறுக்கு நீட்டினால் எனக்குப் பல் வலி என்றேன். திருநள்ளாற்றுக் குளப்படியில் கை கொடுக்க வந்தாள். எனக்கென்ன கால் இல்லையா என்று உதறிவிட்டு இறங்கினேன். கைடு தம்பி வேறு சும்மா இருக்கமாட்டான். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரையும் ஊர் சொல்லச் சொல்லுவான், பாடச் சொல்லுவான். முன் சீட்டைக் காட்டி, "இந்த ரெண்டு அக்காவும் ரெட்டப்புள்ளைக மாதிரி ஒட்டிக்கிட்டாக பாருங்க" என்றான். வேனே கை தட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நானும் தட்டினேன்.

திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தச் சக்களத்தி இறங்கினாள். இறங்குவதற்கு முன் பின்னால் வரைக்கும் நடந்து வந்து, "போயிட்டு வாரேன் மைனி" என்றாள். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். வேன் நகர்ந்ததும் என் சிநேகிதி கூப்பிட்டாள். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆளு எப்பிடி?" என்றாள்.

"என்னையக் கேட்டா? மடியில வச்சுக் கொஞ்சுனவ நீ."

"கோவப்படாத. நல்ல மனுசிதாம்ட்டி. அவளும் தனியாத்தான் இருக்கா. ஒன் மாடிப்படியெல்லாம் ஏறிருவா. சனிக்கெழமதோறும் ஒன்னையப் பாக்க வாரேன்னு சொல்லியிருக்கா. நான் போன பொறவு நீ பேச்சுத்துணைக்கு ஆளில்லாமக் கெடப்பியேன்னுதான்..."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மகனுக்குப் பெண் பார்ப்பதுபோல எனக்கு ஆள் பார்த்திருக்கிறாள்! என் வீட்டுக்காரர் போய்விட்டார், மகன் பட்டாளத்தில் இருக்கிறான், அந்த வீட்டில் நான் ஒண்டிக்கட்டை. அதை நினைத்துத்தான் மூன்று நாளும் அவளை விசாரித்திருக்கிறாள். இன்னொருத்தியாக இருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லியிருப்பாள். எனக்கு ஆத்திரம்தான் பொங்கியது.

"எனக்கு எவளும் வேண்டாம்! அவ வந்து எம்புட்டு நேரம் பேசினாலும், எதுத்தாப்புல ஒன் வீடு பூட்டிக் கெடக்கது எனக்குத் தெரியாமப் போயிருமாட்டி?"

ராஜபாளையம் வரும்வரை இரண்டு பேரும் அழுதோமே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை.