எனக்கு வரவேண்டிய ஓ.டி. முறை

எனக்கு அறுபத்தெட்டு வயது ஆகிறது. ஐந்து பேரை வளர்த்தேன். நாலு நான் பெற்றது. கடைசிப் பெண், என் தங்கை விட்டுவிட்டுப் போனது. அந்தப் பெண்ணை நர்ஸ் படிப்பில் சேர்த்த வருடம்தான் இது நடந்தது.

அப்போது கள்ளக்குறிச்சி பக்கம் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில்லில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். கல்வராயன் மலையிலிருந்து லாரி லாரியாகக் கிழங்கு இறங்கும் மாதங்களில் வேலை ஐந்து மணியோடு முடியாது. பிடுங்கிய கிழங்கு கிடந்தால் கெட்டுப்போகும். அதனால் ஓ.டி. உண்டு, இரட்டைக் கூலி. யார் நிற்பது என்று சங்கமும் மில்லும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள்: மூத்தவரிலிருந்து வரிசையாக, ஆளுக்கு ஒரு முறை. வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். உரிப்பவர்களில் நான்தான் மூத்தவள். அந்தக் கூலியை நம்பித்தான் பெண்ணை ஹாஸ்டலில் விட்டிருந்தேன்.

முதல் சுற்றில் என்னைத் தாண்டியபோது மறந்திருப்பார்கள் என்று விட்டேன். இரண்டாம் சுற்றிலும் தாண்டியது. சூப்பர்வைசரைக் கேட்டேன்.

"நீதானம்மா வேணாம்னு கையெழுத்து போட்டுக் குடுத்த?" என்று ஒரு தாளைக் காட்டினார்.

என் கையெழுத்துதான். லீவுச் சீட்டு என்று சொல்லி அவர் நீட்டிய தாள். நான் எதிர்த்துப் பேசுபவள், அவருக்கு என்னை ஆகாது. மற்றப் பெண்கள் பெருவிரலில் மை தடவும்போது நான் பேனாவை வாங்கிப் பேர் எழுதுவேன். அத்தனை கர்வம் எனக்கு. படித்துப் பார்க்கத்தான் அப்போது வராது.

சங்கச் செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கைநாட்டுன்னா படிச்சுக் காட்டி சாட்சி போடணும்னு சண்டை போட்டு வாங்கி வெச்சிருக்கோம். நீ இன்னாடான்னா கலெக்டராட்டம் போட்டுக் குடுத்துட்டு வந்து நிக்கிற."

"போட்டது போட்டாச்சு. இப்ப இன்னா வழி, அதைச் சொல்லு."

சொன்னார். முதலில் மில்லுக்கு எழுத்தில் புகார். அதில் தீராவிட்டால் சங்கத்தின் பேரில் தொழிலாளர் அலுவலரிடம் மனு. அவர் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுச் சமரசம் பேசுவார். அங்கும் தீராவிட்டால் லேபர் கோர்ட்டு. "கோர்ட்டுன்னா ஜாஸ்தி நாளாவும். எங்க போனாலும் சாட்சி வேணும்மா."

புகாருக்கு மில் அந்தத் தாளையே பதிலாகக் காட்டியது. மனுப் போட்டோம். சாட்சிக்கு வந்தவள் எனக்கு அடுத்த வரிசைக்காரி, வெள்ளிமலைப் பெண். என் முறை இரண்டும் அவளுக்குத்தான் போயிருந்தது.

"உனக்கு வந்தது போயிடும்டி," என்றேன்.

"போனா போவுது யக்கா. உங்க முறையில நின்னு உரிச்சா கை அரிக்குது."

சமரசப் பேச்சு அன்று ஒரு நாள் கூலியை விட்டு, முதல் பஸ்ஸில் மலை இறங்கி வந்தாள். அலுவலர் எங்கள் இருவருக்கும் நாற்காலி போடச் சொன்னார். அதுவரை ஆபீஸில் யாரும் என்னை உட்கார வைத்ததில்லை. "லீவுச் சீட்டுன்னு இவரு சொன்னப்ப பக்கத்துல உரிச்சிக்கினு இருந்தேங்க," என்றாள், சூப்பர்வைசரை நேராகப் பார்த்து. விட்டுப்போன இரண்டு முறைக்கும் கூலி தந்து, என்னை மறுபடி வரிசையில் சேர்ப்பதாக மில் கையெழுத்துப் போட்டது. கோர்ட்டுக்குப் போக வேண்டி வரவில்லை.

பெண் படிப்பை முடித்தாள். இன்றைக்கு ஊசி போடுகிறாள். சங்கத்துக்கும் அந்த அலுவலருக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன். வெள்ளிமலைக்காரிக்கு வாயால் சொன்னது போதாது என்றுதான், அதற்கப்புறம் கற்றுக்கொண்ட எழுத்தை நாலு நாளாகக் கூட்டி இதை எழுதினேன்.

பேத்தியைக் கூப்பிட்டேன். "சத்தமா படி கண்ணு. அவ செஞ்சத ஆயா கம்மியா எழுதிட்டேனான்னு கேக்கணும்."