கள்ளிமுளையான் பூ

கள்ளிமுளையான் பூவை அழகு என்று யாராவது சொன்னால், அவர் அதை மோந்து பார்த்ததில்லை என்று அர்த்தம்.

எண்பதுகளில் நாங்கள் கூட்டேரிப்பட்டில் குடியிருந்தோம். நான் திண்டிவனத்தில் கணக்கு வாத்தியார். ஒரு மழைக்காலத்தில் என் மனைவிக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் விட்டுப் பதினொரு நாளாகியும் சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சி இரண்டு ஸ்பூன் கொடுத்தால் அதையும் குமட்டித் துப்பினாள். இப்படியே போனால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அவள், "கள்ளிமுளையான் தொவையல் இருந்தா ரெண்டு வாய் சாப்டுவேங்க" என்றாள். அவள் பிறந்த வீட்டில் அதைத் தின்பார்கள். பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் நான் அதை வீட்டுக்குள் விட்டதில்லை.

காலையில் ஊருக்குக் கிழக்கே இருந்த பாறைக்குப் போனேன். ஊர் முழுக்க வெளிக்குப் போவது அங்கேதான். முப்பத்தேழு இடத்தில் தாண்டிக் கால் வைத்தேன். மேலே, பாறை வெடிப்புகளில், விரல் பருமனில் நாலு பட்டையாக, இலையே இல்லாத சதைத் தண்டுகள். நுனியில் எலுமிச்சை அளவுக்குப் பூங்கொத்து. அழுகிய ஈரலின் நிறம், செத்த எலியின் நாற்றம். பக்கத்திலேயே எவனோ வெளிக்கு இருந்துவிட்டுப் போயிருந்தான். அதில் நான்கு ஈ. பூவில் பத்தொன்பது.

மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கைக்கு வந்த தண்டுகளைப் பிடுங்கினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி சிரித்தாள்.

"இன்னா சார், பொணமா தூக்கப் போறீங்க? பூ வச்சது நாரா பூடும். கொழுந்தா பாத்து ஒடிங்க."

"எதும்மா கொழுந்து?"

"அத்தினி படிச்சிக்கினு இது தெரியலியா?"

அவளே ஒன்றை ஒடித்து, புடவையில் துடைத்து, கடித்துக்கொண்டே காட்டினாள். நான் கைக்குட்டையை இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

பதினாறு கொழுந்து கொண்டுவந்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை. புளியும் ஒரே ஒரு மிளகாயும் வைத்து நானே அரைத்தேன். பூ இல்லாத தண்டு நாறுவதில்லை என்றாள் மனைவி. என் விரல்கள் நாறின. ஏழு முறை சோப்புப் போட்டேன்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சோற்றில் பிசைந்து சாப்பிட்டாள். நான் கதவருகே நின்றுகொண்டேன். ஒன்பதாவது வாயில் நிமிர்ந்து, "எண்ணாதீங்க, வெக்கமா இருக்குது" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு எண்ணினேன். பதினான்கு. ஒன்றைக்கூடத் துப்பவில்லை.

"நாளைக்கும் கொண்ணாறீங்களா?"

அடுத்த எட்டு நாளும் பள்ளிக்கூடம் போகுமுன் பாறை ஏறினேன். ஒரு நாள்கூட எனக்குக் குமட்டாமல் இருந்ததில்லை.