வழியிலேயே இறங்கிய காணிக்கை

சாராள் அக்கா காலமான செய்தி செவ்வாய்க்கிழமை காலை எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்கு அடுத்த பதிவு, ஆலயத்தின் புது முகப்புக்குக் காணிக்கை அனுப்புவதற்கான க்யூஆர் கோடு. இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடம்கூட இல்லை. இரண்டாவதைப் போட்டவன் சபைச் செயலாளராகிய நான்தான். முதலாவதைப் படிக்காமலே போட்டேன். என்மேல் எனக்கு வந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் பட்டுப்புடவை முந்தானைகளுக்குக் குஞ்சம் கட்டிப் பிழைத்தவர். தனி ஆள். எங்கள் சபையில் பிடி அரிசி என்றொரு வழக்கம் இருந்தது. பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பார்கள். சனிக்கிழமைதோறும் வீடுவீடாகப் போய் அதை வாங்கி வருவது அக்காவின் பொறுப்பு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விட்டு, வரும் பணத்தைச் சபை நிதியில் சேர்ப்போம்.

நான் செயலாளரான வருடம் மழை வலுத்தது. முப்பது வீட்டு அரிசி வரவேண்டிய பையில் பாதிகூட இல்லை. விசாரித்தேன்.

"வர்ற வழியில குடுத்துட்டேன் தம்பி" என்றார், ஒளிக்காமல்.

யாருக்கு? குஞ்சம் கட்டப் புடவை அனுப்பாத வீடுகளுக்கு. தறிக்குழியில் தண்ணீர் ஊறினால் நெசவு நிற்கும். நெசவு நின்றால் அக்காவிடம் புடவை வராது. எந்த வீட்டில் உலை ஏறவில்லை என்பதை அவர் அப்படித்தான் தெரிந்துகொண்டார். அந்த வீட்டுக்காரர்களில் ஒருவர்கூட எங்கள் சபையார் இல்லை.

"காணிக்கைன்னா சபைக்கு வந்து சேரணும் இல்லக்கா?"

"வந்துக்கினுதான் இருக்குதுப்பா. வழியில யாராவது பசியோட இருந்தா அங்கயே இறங்கிடுது. கர்த்தர் என்ன, அரிசி சோறா கேக்குறாரு?"

நான் சிரித்துவிட்டேன். பொருளாளர் சிரிக்கவில்லை. கமிட்டியைக் கூட்டி அக்காவை அழைத்தார். ஒரு மணி நேரம் நிற்கவைத்துக் கேள்வி கேட்டோம். நாற்காலி போடக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இப்படி ஆளாளுக்கு இஷ்டத்துக்குக் குடுத்தா, அப்புறம் சபை எதுக்கும்மா இருக்குது?" என்றார் பொருளாளர்.

"அதையேதான் ஐயா நானும் கேக்குறேன்."

பிடி அரிசியை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாகக் காணிக்கை உறை கொடுப்பதென்று தீர்மானம் போட்டோம். எழுதியது நான். அக்கா சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை, கீழ்ப்படிந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்றும் அவர்மேல் உண்டு. தன் உலையிலிருந்து எடுத்ததை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு ஆளின் உலையிலிருந்து எத்தனை வீட்டுக்குக் கொடுக்க முடியும்?

அடுத்த மழைக்காலத்தில் செல்வி என்ற நெசவாளர் வீட்டுப் பெண் ஆலய வாசலுக்கே வந்துவிட்டார்.

"அக்கா ஏன் சார் இப்பல்லாம் எங்க தெருவுக்கு வர்றதில்ல?"

"ரூல்ஸ் மாறிடுச்சும்மா" என்றேன். முகப்புக்காக இறக்கியிருந்த ஜல்லியைச் சுற்றிக்கொண்டு அவர் திரும்பிப் போனார்.

புதன்கிழமை அடக்க ஆராதனை. கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை மூடப்போகும் நேரத்தில் செல்வியும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் வந்தார்கள். எல்லோர் கையிலும் அரிசி. அவர்கள் வழக்கப்படி வாய்க்கரிசி போட வந்திருந்தார்கள். பொருளாளர் குறுக்கே போய் நின்றார்.

"நம்ம வழக்கத்துல இது கெடையாதும்மா."

"எங்க வாய்க்கு அவங்க போட்டாங்க சார். அவங்க வாய்க்கு நாங்க போடக்கூடாதா?"

பொருளாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். விதியை எடுத்துச் சொல்வது என் வேலையாயிற்றே.

"போடட்டும்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அந்தக் கமிட்டி அறையில், அக்கா நின்றுகொண்டிருந்தபோது, இதேபோல ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போதகர் பாமாலைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து போட்டார்கள். எங்கள் ஆட்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

போய்வாருங்கள் அக்கா. பெட்டியை மூடியபோது உங்கள் வாயில் இருந்த அரிசியில், எங்கள் சபையார் போட்டது ஒரு மணிகூட இல்லை.