கையை விட்டாலும் நேரே போகும் கார்

மெழுகு நூலின் வாசனை எங்கே வந்தாலும் நான் கொழும்பு வெள்ளவத்தையில் ரயில்பாதையை ஒட்டியிருந்த, இன்று மாடிவீடுகளாகிவிட்ட அந்தக் கராஜுக்குப் போய்விடுகிறேன். அங்கே அப்பாவின் இரண்டு சீட் பழைய ஸ்போர்ட்ஸ் காரைச் சுற்றி நூல் கட்டி, முன்சில்லுகள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றன என்று மெக்கானிக் குமார் அடிமட்டம் வைத்து அளப்பார். ரயில் போனால் நூல் நடுங்கும், அது அடங்கும்வரை மூவரும் காத்து நிற்போம்.

"ரேசுக்கு வைக்கிற மாதிரி வைச்சா வளைவில நல்லாப் பிடிக்கும், ஐயா."

"எனக்கு ரேஸ் வேண்டாம் தம்பி. ரெண்டு கையையும் விட்டாலும் கார் நேரே போகோணும்."

அது யுத்தகாலம். வழியில் இராணுவச் சோதனைச்சாவடி தெரிந்ததும் அப்பா காரை நியூட்ரலில் உருளவிட்டு, துப்பாக்கிக்காரர்கள் பார்க்கும்படி இரண்டு கைகளையும் உயர்த்திவிடுவார். அந்த நேரம் கார் அவர்கள் பக்கம் சற்றே இழுத்தாலும் சுட்டுவிடுவார்கள் என்று பயம்.

ஒரு பின்னேரம், சாவடியில் கார் நிற்கும் முன்பே கதவைத் திறந்து, உயர்த்திய கையைப் பிடித்து அவரை வெளியே இழுத்தார்கள். அதற்குப் பிறகு நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பக்கத்துச் சீட்டில் இருந்த என்னைச் சுமந்துகொண்டு, திறந்த கதவோடு, யார் கையும் படாமல், கார் நேரே போய்க்கொண்டிருந்தது.